ஆன்லைன்ல வாங்க டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

ஒரு பேங்க்ல கார்டு டிஸ்ப்யூட் செக்‌ஷன்ல 11 வருஷம் குப்பை கொட்டினவன் நான். "சார் என் காசு போச்சு"ன்னு கூப்பிடறவங்க ஃபோனை எடுக்கறதுதான் வேலையே. பேங்க் பேரு கேக்காதீங்க, மத்தது என்ன வேணா கேளுங்க.

திருப்பூர் அக்கா: தம்பி, சுத்தி வளைக்காம சொல்லு, ரெண்டுல எது சேஃப்?

கிரெடிட் கார்டுதான்க்கா. ஆனா ட்யூ தேதிக்குள்ள முழு பில்லையும் கட்டறவங்களுக்கு மட்டும்தான் அது. மினிமம் ட்யூ, அதாவது பில்லுல கேக்கற குறைஞ்சபட்சத் தொகை, அதை மட்டும் கட்டி ஓட்டறவங்களுக்கு எந்தத் திருடனும் வேணாம், மாசம் 3, 3.5 பர்சன்ட் வட்டியே உருவிரும்.

மதுரை தம்பி: அண்ணே ரெண்டுக்கும் ஓடிபி வருது, ரிசர்வ் பேங்க் ரூலும் ஒண்ணுதான்னு சொல்றாங்க, அப்புறம் கிரெடிட் மட்டும் எப்படி உசத்தி?

சரியாத்தான் கேக்கறே. ரிசர்வ் பேங்கோட 2017 ஜூலை சர்க்குலர் ரெண்டுக்குமே பொது. உன் தப்பு இல்லாம, பேங்க் தப்பும் இல்லாம, நடுவுல எவனோ அடிச்சான்னா 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உனக்கு பைசா நஷ்டம் கிடையாது. புகார் வந்து 10 வேலை நாளுக்குள்ள பேங்க் அந்தத் தொகையை தற்காலிகமா உன் கணக்குல வரவு வைக்கணும், 90 நாளுக்குள்ள கேஸை முடிக்கணும். உன் தப்புன்னு நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான்.

பிரச்சனை எங்கன்னா அந்த 10 வேலை நாள்லதான். ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்றேன், சம்பள அக்கவுன்ட்டோட டெபிட் கார்டு, மாசம் 2-ஆம் தேதி ராத்திரி 2:40க்கு வரிசையா மூணு மெசேஜ், 38 ஆயிரம் காலி. காலைல 7 மணிக்கெல்லாம் ஃபோன் பண்ணிட்டாரு, அவர் மேல ஒரு தப்பும் இல்ல, பணமும் பூரா திரும்பிச்சு. ஆனா 5-ஆம் தேதி வீட்டு லோன் இஎம்ஐ பவுன்ஸ், அதுக்கு ரெண்டு பக்கமும் சார்ஜ், பொண்ணு ஸ்கூல் ஃபீஸுக்கு கைமாத்து. இதுவே கிரெடிட் கார்டா இருந்தா ஸ்டேட்மென்ட்ல ஒரு வரி, அவ்ளோதான். ஃப்ராடுன்னு டிஸ்ப்யூட் போட்ட தொகைக்கு அது முடியற வரைக்கும் சார்ஜ் போடக்கூடாதுன்னு ரூலே இருக்கு. அங்க மாட்டிக்கிட்டு இருக்கறது பேங்க் காசு, இங்க நம்ம அரிசி பருப்பு காசு.

கோயம்புத்தூர் மேடம்: எனக்கு ஓடிபியே வரல சார், ஆனா டாலர்ல பணம் போயிருக்கு. எப்படி?

வெளிநாட்டு சைட்டா இருக்கும் மேடம். இங்க 2009-லேர்ந்து ஆன்லைன் கார்டு பேமென்ட்டுக்கு ரெண்டாவது சரிபார்ப்பு கட்டாயம், ஆனா வெளிநாட்டு வியாபாரி அதைக் கேக்கணும்னு இல்ல, நம்பர், எக்ஸ்பைரி, சிவிவி இருந்தா முடிஞ்சது, சில சைட்டுல சிவிவி கூட கேக்க மாட்டான். அதனால பேங்க் ஆப்ல போய் "இன்டர்நேஷனல்" சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. 2020-ல வந்த ரிசர்வ் பேங்க் உத்தரவால எல்லா கார்டுக்கும் இந்த சுவிட்சும் லிமிட்டும் இருக்கு. புது கார்டு ஆஃப்லதான் வரும், பழசுல நாமதான் பாக்கணும்.

ஓடிபி இல்லாம போனது ஒரு வகையில உங்களுக்கு நல்லதுதான், நீங்க கவனக்குறைவா இருந்தீங்கன்னு சொல்ல பேங்க்குக்கு பிடிமானம் கம்மி. பேங்க்குக்கு அனுப்பற புகார் மெயில்ல "ஓடிபி வரவும் இல்லை, நான் யாருக்கும் தரவும் இல்லை"ன்னு ஒரு வரி கண்டிப்பா எழுதுங்க. அப்புறம் அதுக்கு முந்தி ஒரு டாலர், அரை டாலர்னு ஏதாவது போயிருக்கான்னு பாருங்க, கார்டு உயிரோட இருக்கான்னு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் பெருசா அடிப்பானுங்க. சில்லறைதானேன்னு விட்டவங்கதான் எங்கிட்ட நிறைய வந்தாங்க.

சேலம் அண்ணாச்சி: மூணு நாள்னா எப்படி எண்றது? எனக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி மெசேஜ் வந்துச்சு, நடுவுல லீவு.

மெசேஜ் வந்த நாளைக் கழிச்சிருங்க அண்ணாச்சி, உங்க பிராஞ்ச் லீவு நாளையும் கழிச்சிருங்க. நாலுலேர்ந்து ஏழு வேலை நாள் ஆயிட்டா நஷ்டத்துல உங்க பங்குக்கு ஒரு உச்சவரம்பு வரும், சாதா சேவிங்ஸுக்கும் 5 லட்சம் வரைக்கும் லிமிட் இருக்கற கிரெடிட் கார்டுக்கும் ஒரு ட்ரான்சாக்‌ஷனுக்கு 10 ஆயிரம், அதுக்கு மேல லிமிட் உள்ள கார்டுக்கு 25 ஆயிரம். ஏழும் தாண்டினா பேங்கோட பாலிசி, அவங்க மனசு. ஆனா கணக்கு பாத்துக்கிட்டு உக்காராதீங்க, புகார் நம்பர் 24 மணி நேரமும் ஓடுது, மொதல்ல கார்டை பிளாக் பண்ணி ரெஃபரன்ஸ் நம்பரை வாங்குங்க.

பேரு வேணாம்: அண்ணா, ஓடிபிய நானே சொல்லிட்டேன். பார்சல் அட்ரஸ் தப்புன்னு கூப்பிட்டான்...

பொய் சொல்ல மாட்டேன், இது கஷ்டம். ஓடிபி குடுத்தா, பேங்க்குக்கு சொல்ற வரைக்கும் போனது உங்க நஷ்டம், சொன்னதுக்கு அப்புறம் போனா பேங்க் நஷ்டம். அதனால ஒவ்வொரு நிமிஷமும் காசு. இப்பவே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு அடிங்க, சீக்கிரம் சொன்னா பணம் அடுத்த அக்கவுன்ட்டுக்கு தாவறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. வெக்கப்பட்டு ரெண்டு நாள் வீட்ல மறைக்காதீங்க, பேங்க் மேனேஜரே ஏமாந்து வந்து என் எதிர்ல உக்காந்திருக்காரு.

இந்த மாதிரி கேஸ்ல டெபிட்டா கிரெடிட்டான்னு பேச்சே இல்ல, கிரெடிட்ல 3 லட்சம் லிமிட் இருந்தா 3 லட்சமும் போகும், அப்புறம் அது உங்க தலையில கடன்.

திருச்சி காலேஜ் பையன்: ஷாப்பிங் ஆப்ல கார்டை சேவ் பண்ணலாமா ப்ரோ?

பண்ணலாம். 2022 அக்டோபர்லேர்ந்து இந்தியக் கடைக்காரங்க கார்டு நம்பரை அப்படியே வச்சுக்க முடியாது, அதுக்குப் பதிலா டோக்கன்னு ஒரு மாத்து நம்பர்தான் இருக்கும், அது லீக் ஆனாலும் இன்னொரு கடையில செல்லாது. பேரே கேள்விப்படாத இன்ஸ்டா கடை, வெளிநாட்டு சைட்டுன்னா வேணாம்.

நாகர்கோவில் சேச்சி: பணம் போச்சு, ஆர்டர் விழல. யாரைப் பிடிக்கறது?

இது ஃப்ராடு இல்ல, பதறாதீங்க. அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பணும், அதுக்கு மேல ஆனா நாளுக்கு 100 ரூபாய் பேங்க் தரணும். கேக்காமலே தரணும்னுதான் ரூல், கேட்டாத்தான் வரும்ங்கறது என் அனுபவம்.

தஞ்சாவூர் சார், ரிட்டயர்டு: எனக்கு பென்ஷன்தான், கிரெடிட் கார்டு தர மாட்டேங்கறான். பென்ஷன் அக்கவுன்ட் கார்டுலதான் வாங்கறேன்.

சார், அதை மட்டும் இன்னைக்கே நிறுத்துங்க. தனியா ஒரு ஜீரோ பேலன்ஸ் அக்கவுன்ட் ஆரம்பிச்சு, வாங்கப் போற அன்னைக்கு ரெண்டாயிரமோ மூவாயிரமோ அதுல போட்டு, அந்த கார்டுல வாங்குங்க, பென்ஷன் கார்டுல ஆன்லைனை ஆஃப் பண்ணிருங்க, ஏடிஎம்-க்கு மட்டும் இருக்கட்டும். இல்லேன்னா எஃப்டி மேல கிரெடிட் கார்டு தர்ற பேங்க் நிறைய இருக்கு, அதைக் கேளுங்க.

இன்னொண்ணு, உங்க பென்ஷன் அக்கவுன்ட்ல "ஆட்டோ ஸ்வீப்" இருக்கான்னு பாஸ்புக்கைப் பாருங்க. பேலன்ஸ் பத்தலைன்னா எஃப்டியை உடைச்சு தானா எடுத்துக்கும் அது. அக்கவுன்ட்ல எட்டாயிரம்தானே இருக்குன்னு ஒரு பெரியவர் தைரியமா இருந்தாரு, பின்னாடி இருந்த எஃப்டிலேர்ந்து ஒண்ணரை லட்சம் வழிஞ்சு போச்சு. அவருக்கு ஸ்வீப்புன்னா என்னன்னே தெரியாது, அக்கவுன்ட் ஆரம்பிச்ச அன்னைக்கு எவனோ டிக் போட்டுருக்கான்.

கோயம்புத்தூர் மேடம் (மறுபடி): சார் ஆப்ல பாத்தேன், மூணு கார்டுலயும் இன்டர்நேஷனல் ஆன்லதான் இருந்துச்சு! ஆஃப் பண்ணிட்டேன். பேங்க் 30 நாளா பதிலே போடலைன்னா?

ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன், அதாவது பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற அதிகாரி, அவரோட சைட்ல போடுங்க, வக்கீல் வேணாம், ஃபீஸும் இல்ல. புகார் ரெஃபரன்ஸ் நம்பரும் தேதியும் கையில இருக்கணும், ஃபோன்ல மட்டும் சொல்லியிருந்தா இன்னைக்கு ராத்திரிக்குள்ள அதையே மெயிலாவும் அனுப்பிருங்க மேடம்.