திப்பு காலத்து ராணுவ குதிரை வண்டின்னு சொல்லி வித்தாங்க, கிருஷ்ணகிரி பக்கம் இத சரி பண்ண ஆள் இருக்காங்களா?

ஆள் இருக்காங்க, ஆனா கம்மி. நீங்க கேட்டது நாலு சக்கரம், இரும்பு குடம் (ஆரக்கால் எல்லாம் வந்து சேர்ற நடு பாகம்), ரெண்டு ஆரக்கால் ஒடஞ்சிருக்கு, பெயின்ட் அடிச்சு தோட்டத்துல நிறுத்தணும், எவ்ளோ ஆகும்னு. நான் காவேரிப்பட்டணம் பக்கம் சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கேன், மூணு வருஷத்துக்கு முன்னாடி பெங்களூர்காரர் ஒருத்தர் தேன்கனிக்கோட்டை தோட்டத்துக்குன்னு இதே மாதிரி ஒரு வண்டிய டெம்போல போட்டு கொண்டாந்து எறக்கிட்டு போய்ட்டார். ரெண்டு மாசத்துல முடிச்சிடலாம்னு வாய விட்டேன், 14 மாசம் ஆச்சு. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

மொதல்ல அந்த திப்பு கதை. நம்ம ஏரியாவுல பழைய இரும்பு எது கெடச்சாலும் திப்பு கணக்குலதான் எழுதுவாங்க, கோட்டை பக்கத்துல இருக்குல்ல, வித்துடும். உங்க வண்டியில ஒரு போல்ட்ட கழட்டி மரைய பாருங்க. அரை இன்ச் போல்ட்டுல ஒரு இன்ச்சுக்கு 12 மரை இருந்து, மரையோட கோணம் 55 டிகிரியா இருந்தா அது விட்வொர்த் மரை. இங்கிலாந்துல ஜோசப் விட்வொர்த்னு ஒருத்தர் அந்த அளவ 1841லதான் கொண்டு வந்தார், திப்பு எறந்தது 1799. முடிஞ்சுது கதை. (13 மரை இருந்தா இன்னும் மோசம், அது அமெரிக்க அளவு, யாரோ பின்னாடி மாத்தின போல்ட்டு.) மரை அளக்குற பிட்ச் கேஜ் எந்த லேத் பட்டறையிலயும் இருக்கும், ஒரு டீ வாங்கிக் குடுத்தா பாத்து சொல்லிடுவாங்க.

இன்னொண்ணு, அந்தக் காலத்துல இங்க பீரங்கியும் மூட்டையும் இழுத்தது பெரும்பாலும் மாடு. மைசூர்காரங்களோட அம்ரித்மகால் மாடு அதுக்கே பேர் போனது. 1791ல திப்பு மேல படையெடுத்து வந்த ஆங்கிலேய தளபதி காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போய்ட்டு, இழுக்குற மாடெல்லாம் செத்துப்போனதால, பெரிய பீரங்கியெல்லாம் உடைச்சுப் போட்டுட்டு பெங்களூர் திரும்பினார். அதுக்காக நம்ம பக்கம் ராணுவக் குதிரையே இல்லன்னு சொல்லல, ஓசூர் மத்திகிரி பண்ணை 1824ல பட்டாளத்துக்கு குதிரை வளர்க்கன்னு ஆரம்பிச்சதுதான். உங்க வண்டி பிரிட்டிஷ் பட்டாளத்து வண்டியா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு, அதுவே நல்ல விஷயம்தான், திப்பு பேரு தேவையில்ல.

மாட்டு வண்டியா குதிரை வண்டியான்னு முன்பக்கம் பாத்தாலே தெரியும். மாட்டுக்கு நுகத்தடி, கழுத்துல பாரம். குதிரை நெஞ்சால தள்ளி இழுக்கும், அதனால முன்னாடி குறுக்கு கட்டையும், வார் மாட்ட கொக்கியும் இருக்கும். ஓட்டுறவர் உக்கார சீட்டு இல்லையேன்னு ஒரு பென்ச்ச அடிச்சு மாட்டிடாதீங்க. பீரங்கி வண்டிக்கு 6 குதிரை, மூணு ஜோடி, ஒவ்வொரு ஜோடியிலயும் இடது பக்க குதிரை மேல ஆள் உக்காந்து ஓட்டுவாங்க, லண்டன்ல கிங்ஸ் ட்ரூப்னு ஒரு படை இன்னிக்கும் அப்படித்தான் ஓட்டுது. எங்கிட்ட வந்ததுல யாரோ கல்யாண ஊர்வலத்துக்காக ரெக்சின் சோபாவே மாட்டி வெச்சிருந்தாங்க.

இப்ப நான் பண்ண தப்பு. வண்டி வந்த மொத வாரம், ஆர்வக் கோளாறுல கிரைண்டர்ல ஃபிளாப் டிஸ்க் போட்டு இரும்பெல்லாம் பளபளன்னு ஆக்க ஆரம்பிச்சேன். அச்சு தாங்குற பட்டையில பாதி தேச்சப்பறம்தான் ஏதோ குழி மாதிரி தெரிஞ்சுது. தண்ணி ஊத்தி டார்ச் சாய்ச்சு அடிச்சு பாத்தா அம்புக்குறி ஒண்ணு, கூட ஆங்கில ஐ எழுத்து. அது இந்திய சர்க்கார் ராணுவ சொத்துங்கறதுக்கான முத்திரை. பக்கத்துல நம்பர் இருந்திருக்கணும், கடைசி ரெண்டு எழுத்து மட்டும் மிச்சம், வருஷமா இருந்திருந்தா அதுவும் போச்சு, நானே அழிச்சுட்டேன். ஓனர் ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் இன்னும் உறுத்துது. அப்பறம் கிரைண்டர் பக்கமே போகல. பாலக்கோடு பக்கம் கரும்பு ஆலை இருக்குல்ல, மொலாசஸ் (சர்க்கரை எடுத்தப்பறம் மிஞ்சுற கழிவுப்பாகு) வாங்கி ஒரு பங்குக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து ட்ரம்ல ஊறப்போட்டேன். ரெண்டு மூணு வாரம் ஆகும், நாத்தம் தாங்காது, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்க, ஆனா துரு மட்டும் போகும், இரும்பும் முத்திரையும் அப்படியே நிக்கும்.

சக்கரம்தான் இதுல மெயின் வேலை. எங்க வண்டியில பின் சக்கரம் ரெண்டும் எப்பவோ மாட்டு வண்டி சக்கரமா மாத்தியிருந்தாங்க, முன் சக்கரம் ரெண்டும்தான் ஒரிஜினல், உங்களது மாதிரி இரும்பு குடம். பட்டாளத்துல இதுக்கு மெட்ராஸ் பேட்டர்ன்னே பேரு, நம்ம ஊர் பேர்ல ஒரு சக்கரம்! மரக்குடம்னா ஆரக்கால் துளையில இறங்கி நிக்கும், ஒண்ணு ஒடஞ்சா மொத்த சக்கரமும் பிரிக்கணும். இதுல ஆரக்கால் அடிப்பக்கம் ஆப்பு மாதிரி சீவி, ஒண்ணோட ஒண்ணு நெருக்கி நிக்கும், ரெண்டு பக்கமும் இரும்புத் தட்டு வெச்சு போல்ட் போட்டிருப்பாங்க. போல்ட்ட கழட்டினா ஒடஞ்சத மட்டும் மாத்தலாம், போர்க்களத்துல வசதி. உங்களுக்கும் வசதி, ரெண்டு ஆரக்கால்தான ஒடஞ்சிருக்கு, நாலு சக்கரத்தையும் புதுசா பண்ணச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க.

பின் சக்கரத்துக்கு பென்னாகரம் பக்கம் ஒரு பெரியவர் கெடச்சார், ஆசாரி, 70 தாண்டினவர், ஆலம்பாடி மாட்டு வண்டிக்கெல்லாம் சக்கரம் போட்ட கை. மரம் நல்லா காஞ்ச கருவேலம் வேணும்னார். (சீமைக்கருவேலத்த காட்டி இதுவும் கருவேலந்தான்னு விப்பாங்க, உஷார்.) மரம் கெடைக்கவே அஞ்சு மாசம் போச்சு. 12 ஆரக்கால், 6 வட்டை (சக்கரத்தோட வெளி வளையத்துல வர்ற வளைஞ்ச மரத்துண்டு), ஒரு வட்டைக்கு ரெண்டு ஆரக்கால்னு கணக்கு. வட்டையெல்லாம் கோத்தப்பறம் ஒவ்வொரு இணைப்புலயும் மெல்லிசா இடைவெளி விட்டிருந்தார், நான் வேலை சரியில்ல போலன்னு நெனச்சேன்.

சக்கரத்த சுத்தி மாட்டுற இரும்பு பட்டா வெல்டிங் என் பொறுப்பு. பெரியவர் கயித்துல அளந்து, சுத்தளவுல ஒரு விரக்கடை (ஒரு விரல் அகலம்) கம்மியா வைன்னார். நான் டைட்டா இருந்தா நல்லதுதானன்னு ரெண்டு விரக்கடை கொறச்சுட்டேன், அவர்கிட்ட சொல்லல. வறட்டி அடுக்கி ரெண்டு மணி நேரம் காய்ச்சு, சம்மட்டியால அடிச்சு ஒரு வழியா எறக்கி தண்ணி ஊத்தினோம். புஸ்ஸுன்னு ஆவி, அதுக்குள்ள இருந்து படக் படக்னு சத்தம். ஆவி அடங்கினா, காத்துல திரும்பின குடை மாதிரி சக்கரம் குழிஞ்சு நிக்குது, மூணு ஆரக்கால் வெடிச்சிருக்கு. பெரியவர் கயித்த எடுத்து பட்டாவ அளந்தார், என்ன ஒரு பார்வ பாத்தார். "நான் ஒண்ணு சொன்னேன், நீ ஒண்ணு பண்ணியிருக்க தம்பி." அவ்வளவுதான், பீடி பத்த வெச்சுட்டு போய் மரத்தடியில உக்காந்துட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். நாலரை அடி சக்கரத்துக்கு சுத்தளவு 4300 மில்லி சொச்சம். இரும்பு 500 டிகிரி சூடானா அந்த நீளத்துக்கு 25 மில்லிக்கு மேல விரியும். ஒரு விரக்கடை கொறச்சா ஈஸியா எறங்கும், ஆறும்போது பெரியவர் வட்டை இணைப்புல விட்ட இடைவெளிய மூடிட்டு கெட்டியா புடிக்கும். ரெண்டு விரக்கடைன்னா இடைவெளி மூடியும் இறுக்கம் தீராது, ஆரக்காலத்தான் தள்ளும். கால்குலேட்டர் சொன்னத அவர் கயிறு முன்னாடியே சொல்லிடுச்சு.

மரத்துக்கு பழைய பெயின்ட்ட உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, அடியில செவப்பு ஈய ப்ரைமர் இருந்தா தூசி விஷம், நனைச்சு சொரண்டுங்க, மாஸ்க் போடுங்க. ஒரு ஓரத்துல கையகலத்துக்கு மட்டும் அடுக்கடுக்கா சொரண்டி விடுங்க. எங்களதுல மேல கல்யாண நீலம், கீழ சிமென்ட் கலர், அதுக்கும் கீழ மங்கின காக்கிப்பச்ச. அந்த பச்சைய அப்படியே விட்டு ஆளிவிதை எண்ணெய் மட்டும் தடவினோம், புது எனாமல் அடிக்கல. உங்களுக்கும் அதான் சொல்வேன்.

செலவு, எங்களுக்கு மொத்தம் ஒண்ணரை லட்சம் கிட்ட ஆச்சு, அதுல பாதிக்கு மேல சக்கரம், என் தப்பால போன மூணு ஆரக்கால் காசு என் கையிலருந்து. உங்களுக்கு அவ்ளோ ஆகாது. வண்டி 100 வருஷம் தாண்டினதா இருந்தா 1972 சட்டப்படி தொல்பொருள்ல வரும், யாராவது வெளிநாட்டுக்கு விலை கேட்டா அவசரப்பட்டு குடுத்துடாதீங்க, மத்திய அரசோ, அது அதிகாரம் குடுத்த அமைப்போ தவிர வேற யாரும் அனுப்ப முடியாது.

பெரியவர் இப்பவும் வேலை செய்யறார், ஆனா கண்ணு கொஞ்சம் மங்கல், வெயில் காலத்துல மட்டும்தான் பட்டா மாட்டுறார். கமென்ட்ல ஃபோட்டோ போடுங்க, குடம் க்ளோசப்புல ரெண்டு பக்கமும், ஒடஞ்ச ஆரக்கால் அடிப்பக்கம், அப்பறம் ஒரு போல்ட்ட கழட்டி பக்கத்துல ஸ்கேல் வெச்சு. அதுவரைக்கும் கிரைண்டர் வேணாம்.