பல்லுக்குக் கிளிப் போட்டால் வேர் கரையுமா?

கரையும். எனக்கே கரைந்தது. அதற்காக, போட்ட கிளிப்பைக் கழற்றச் சொல்லி ஓட வேண்டாம்.

வீடு ஏற்காட்டில். மாதம் ஒருமுறை 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு கிளினிக்கில் கம்பியை டைட் செய்துகொண்டு ஏறுவேன். ஒன்றரை வருஷம் என்றார்கள். மழை, பரீட்சை, சோம்பேறித்தனம் என்று நான் விட்ட தவணைகளில் அது மூன்று வருஷத்தைத் தொட்டது. நடுவில் ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. வலியும் இல்லை, ஆட்டமும் இல்லை, யாருக்குத் தோன்றும்?

அப்புறம் சொத்தைப் பல்லுக்காக வேறொரு டாக்டரிடம் போனபோது ஓபிஜி, அதாவது எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே, எடுத்தார். கிளிப் போடும் முன் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் மேல் முன்பற்களின் வேர் சீவிய பென்சில் மாதிரி கூராக இருந்தது. புதியதில் தேய்ந்த சாக்பீஸ்.

பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கம்பி தள்ளும் பக்கம் அது நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அங்கங்கே செத்துப்போகும். அதை அள்ளிப்போட வரும் செல்கள் வேரையும் கொஞ்சம் சுரண்டிவிடும். சின்னச் சின்னக் குழிகளை உடம்பே பூசி மூடிக்கொள்ளும். போன நுனி மட்டும் திரும்ப வளராது. கிளிப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் குறையும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. 4 மில்லிமீட்டரோ வேரில் மூன்றில் ஒரு பங்கோ தாண்டினால்தான் கவலை. அது 100 பேரில் 1 முதல் 5 பேருக்குத்தான்.

சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லில் அடிபட்டிருந்தது. அடிபட்ட பல்லுக்கு இந்த ஆபத்து கூடுதலாம். நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ஆரம்பித்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் முன்பற்களுக்கு ஒரு எக்ஸ்ரே கேட்டு வாங்குங்கள். கரைவது தெரிந்தால் இரண்டு மூன்று மாதம் கம்பியை இறுக்காமல் விட்டுவைப்பார்கள்.

கிளிப்பைக் கழற்றியதும் எனக்குக் கரைவது நின்றுவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான் நிற்குமாம். பல் உறுதியாகவே இருக்கிறது. எங்கள் சேலத்து மொறுமொறு தட்டுவடை செட்டை மட்டும் இன்னும் கையால் உடைத்துத்தான் வாயில் போடுகிறேன். டாக்டர் சொல்லி இல்லை, எல்லாம் என் பயம்தான்.