ஆர்சி காரின் எண்ணெய் ஷாக்குகளில் ஒன்று கசிகிறது, இன்னொன்று முழுதாக அமுங்கவில்லை. எண்ணெயை மாற்ற வேண்டுமா?

ரிமோட்டில் ஓடும் உங்கள் 1/10 அளவு பக்கி வகைக் காரின் ஷாக்குகளை, அதாவது அதிர்வுதாங்கிகளை, பிரித்துச் சுத்தம் செய்து, புது எண்ணெய் ஊற்றிக் கட்டிய பிறகு, ஒன்று அடிப்பக்கமாகக் கசிவதாகவும், இன்னொன்று பாதியில் முட்டி நின்று ஷாஃப்டை (உள்ளே போய்வரும் தண்டை) வெளியே தள்ளுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்காக எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்ணை மாற்ற வேண்டாம். இரண்டுமே கட்டும்போது நேர்ந்த குறைகள். எந்த எண்ணெயை ஊற்றினாலும் அவை அப்படியே இருக்கும்.

முட்டி நிற்கும் ஷாக்கை முதலில் பார்ப்போம். எண்ணெய் அழுத்தத்தால் சுருங்குவதில்லை என்றே கொள்ளலாம். ஆகவே ஷாஃப்ட் உள்ளே நுழையும்போது தன் கன அளவுக்கு அங்கே இடம் வேண்டும். 3.5 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் 25 மி.மீ. உள்ளே போனால், ஏறத்தாழ 0.24 மில்லிலிட்டர் எண்ணெய் விலகியாக வேண்டும். பார்ப்பதற்குச் சில துளிகள்தான். ஆனால் அவ்வளவு சிறிய குழாய்க்குள் அது பெரிய அளவு. அந்த இடத்தைத் தருவதற்காகவே மூடிக்கு அடியில் பிளாடர் என்னும் ரப்பர் சவ்வு இருக்கிறது. ஷாஃப்டை முழுவதும் வெளியே இழுத்து, விளிம்பு வரை எண்ணெய் நிரப்பி, அதே நிலையில் மூடியை இறுக்கிவிட்டால், சவ்வினால் ஈடுகொடுக்க முடியாமல் ஷாக் பூட்டிக்கொள்கிறது. உங்களுடையதில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். மூடியை இரண்டு மூன்று சுற்று மட்டும் திருகி, ஷாஃப்டை மெதுவாக முழுவதும் உள்ளே தள்ளி, மிகுதி எண்ணெய் மரையின் வழியாகவோ மூடியிலுள்ள சிறு துளையின் வழியாகவோ கசிந்து வெளியேறிய பிறகு, அந்த நிலையிலேயே இறுக்குங்கள். ஷாஃப்ட் சற்றுத் தானாக வெளியே வர வேண்டும் என்று விரும்பினால் முழுவதும் தள்ளாமல் பாதியில் நிறுத்தி இறுக்கலாம். எவ்வளவு என்பது உங்கள் விருப்பம். இடமும் வலமும் ஒன்றாக இருப்பது மட்டும் கட்டாயம்.

அதற்கு முன்பே காற்று முழுவதும் வெளியேறியிருக்க வேண்டும். இந்த இடத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முக்கால் பங்கு எண்ணெய் ஊற்றி, வாய்ப்பகுதி மேலே இருக்கும்படி ஷாக்கைப் பிடித்து, பிஸ்டன் (ஷாஃப்டின் உள்முனையிலுள்ள துளையிட்ட வட்டு) எண்ணெய் மட்டத்தைத் தாண்டாதவாறு ஷாஃப்டை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். பிஸ்டனின் அடியில் ஒட்டியிருந்த காற்று, குண்டூசித் தலை அளவுக் குமிழிகளாக அதன் துளைகள் வழியே ஒவ்வொன்றாக ஏறி வருவதை வெளிச்சத்தில் பார்க்கலாம். கடைசிக் குமிழி போய்விட்டது என்று தோன்றிய பிறகும் பத்து நிமிடம் நிற்க வைத்தால், இன்னும் சில வரும். சவ்வை ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்கினால் அதன் அடியில் காற்று சிக்காது. கட்டி முடித்தபின் காதருகே வைத்து அழுத்திப் பாருங்கள். சளசளவென்ற ஒலி கேட்டால் உள்ளே காற்று இருக்கிறது. சவ்வு இல்லாத, காற்றையும் எண்ணெயையும் வேண்டுமென்றே கலந்து இயங்கும் எமல்ஷன் வகை ஷாக்குகளில் மட்டும் அந்த ஒலி இயல்பானது.

இனி கசிவு. என் முதல் காரில் ஒரே ஷாக்கை மூன்று முறை கட்டியும் மறுநாள் காலையில் அதன் அடியில் எண்ணெய் வளையம் தேங்கியிருந்தது. நான்காவது முறை பிரித்து, ஓ-ரிங்கை (ஷாஃப்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை) விரல் நுனியில் வைத்து விரித்துப் பார்த்தபோது, உள்விளிம்பில் மயிரிழை போன்ற ஒரு வெட்டு தெரிந்தது. ஷாஃப்டின் கீழ்முனையிலுள்ள மரை, ஓ-ரிங்கைக் கடந்து நுழையும்போது அதை அறுத்திருந்தது. அன்றிலிருந்து மரையில் எண்ணெய் தடவாமல் ஷாஃப்டை நுழைப்பதே இல்லை. உங்கள் ஓ-ரிங்கையும் அப்படியே சோதியுங்கள். ஷாஃப்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கீழே பிளாஸ்டிக் முனையைத் திருகும்போது பிளையரால் பிடித்த கீறல் எங்கேனும் நகத்தில் தட்டினால், புது ஓ-ரிங் போட்டும் பயனில்லை, ஷாஃப்டையே மாற்ற வேண்டும். பெட்ரோலிய வகைத் துப்புரவுத் திரவங்களைப் பயன்படுத்தியிருந்தால் சிலிக்கான் ஓ-ரிங் ஊதிப்போய் ஷாஃப்டை இறுக்கிப் பிடிக்கவும் கூடும். கசிவு மேல்பக்கம் என்றால், சவ்வின் விளிம்பு மடிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இவையெல்லாம் சரியான பிறகே எண்ணெயின் எண்ணைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் புட்டியிலுள்ள ‘வெயிட்’ எண்ணை நம்பாமல் சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) அளவைப் பாருங்கள். 30 என்று அச்சிட்ட எண்ணெய் ஒரு தயாரிப்பில் 350 சென்டிஸ்டோக்ஸ், இன்னொன்றில் 338. சிலிக்கான் எண்ணெய் வெப்பத்தில் இளகும், குளிரில் கெட்டிப்படும் என்பதால், ஓட்டப்போகும் நாளின் வெப்பநிலையையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும்.

காரில் மாட்டுவதற்கு முன், ஸ்பிரிங் இல்லாமல், முன்பக்க இரண்டையும் தலைகீழாக ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, இரண்டு ஷாஃப்டுகளின் முனைகளையும் ஒரே உள்ளங்கையால் அழுத்துங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அடிவரை சென்று, விட்டவுடன் ஒரே அளவு வெளியே வந்து நின்றால் மாட்டலாம். ஒன்று பின்தங்கினால் அதன் மூடியை மறுபடி திறந்து, எண்ணெயைச் சரிசெய்து மூடுங்கள்.