அவசர கருத்தடை மாத்திரை: காரைக்குடித் தங்கச்சிக்கு

தங்கச்சி, நேத்து ராத்திரி ஆணுறை கிழிஞ்சிடுச்சு, காரைக்குடியில ரெண்டு மெடிக்கல்ல மாத்திரை இல்லைன்னுட்டாங்க, மூணாவது கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிஞ்சவர்னு எழுதியிருக்கே. இன்னும் நேரம் இருக்கு, ஆனா இன்னைக்கே கிளம்பு. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. 72 மணி நேரத்துக்குள்ள போடணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். போட்ட 2 மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா திரும்பப் போடணும்.

இதுக்கு டாக்டர் சீட்டு வேண்டாம். 22 வயசுல யார் அனுமதியும் வேண்டாம். அப்படியிருந்தும் தமிழ்நாட்டுல பல கடைகள் வருஷக்கணக்கா இதை வாங்கி வைக்கிறதே இல்லை. அதுல எனக்கு ரொம்பக் கோபம். "எந்த வீட்டுப் பிள்ளை?"ன்னு முதல்ல கேக்குற நம்ம பக்கத்துல, அந்தக் கேள்விக்குப் பயந்தே பொண்ணுங்க நாளைக் கடத்திடுறாங்க.

அரசு மருத்துவமனையில குடும்ப நலப் பிரிவுல கேளு. தெரிஞ்ச முகம் இருக்குமோன்னு பயந்தா மதுரைக்கு பஸ் ஏறு. 72 மணி தாண்டினாலும் 5 நாளுக்குள்ள கருப்பையில வைக்கிற காப்பர்-டி போட்டுக்கலாம், மாத்திரையை விட அது உறுதி. மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளிப்போனா சிறுநீர்ப் பரிசோதனை பண்ணிடு. அப்படியே கரு தங்கினாலும், 2021 கருக்கலைப்புச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் கல்யாணம் ஆகாதவங்களுக்கும் கலைக்கச் சட்டப்படி வழி இருக்கு; டாக்டர் உன் பேரை வெளியே சொல்லக்கூடாது.

தனியாப் போகாதே, நம்பிக்கையான தோழி ஒருத்தியைக் கூட்டிக்கோ.