பாஸ்பேட் 2.8: இது யாருக்கு இயல்பு?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்ற எலும்பு நோய் இருக்கிறது. இடுப்பில் பெரிய பழுப்புத் திட்டும் உண்டு. சில மாதங்களாகக் கால் வலிக்கிறது என்று அழுகிறாள், அசைந்து அசைந்து நடக்கிறாள். எக்ஸ்ரேயில் ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு மென்மையாகும் நோய் என்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் பாஸ்பேட் 2.8, 'இயல்பு' என்று அறிக்கை சொல்கிறது. வைட்டமின் டி கொடுத்தும் பயனில்லை. இரண்டாவது குழந்தைக்கும் வருமோ?

பதில்: அறிக்கையில் அச்சிட்டிருக்கும் எல்லை பெரியவர்களுக்கானது; டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை. வளரும் எலும்புக்கு அது போதாது. 5 வயதில் ஏறத்தாழ 3.7-க்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் மகளுக்கு 2.8 குறைவுதான். இதைக் கவனிக்காமல் விட்டு மாதக்கணக்கில் குழந்தைகள் வலியோடு நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவில் பாதிக்கப்பட்ட எலும்பே எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றச் செய்கிறது. வைட்டமின் டி செயல்வடிவம் பெறுவதையும் தடுக்கிறது. சாதாரண வைட்டமின் டி உங்கள் மகளுக்குக் கைகொடுக்காததற்கு இதுவே காரணம். உணவில் குறையில்லை, உங்கள் கவனிப்பிலும் குறையில்லை.

உறுதிசெய்ய, காலையில் வெறும் வயிற்றில் ரத்தத்தையும் சிறுநீரையும் ஒரே வேளையில் எடுத்து, இரண்டிலும் பாஸ்பேட், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். கால்சியம், அல்கலைன் பாஸ்படேஸ், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவையும் தேவை. சிறுநீரில் பாஸ்பேட் வீணாவது உறுதியானால், பாஸ்பேட் மருந்தோடு, வைட்டமின் டி-யின் செயல்வடிவ மருந்தான கால்சிட்ரியால் அல்லது ஆல்ஃபாகால்சிடால் தருவார்கள். பாஸ்பேட்டை ஒரே வேளையில் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும், ரத்த அளவும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அதனால் நாளுக்கு 4, 5 வேளையாகப் பிரிக்க வேண்டும். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். அளவை 'இயல்பு' எண்ணுக்கு ஏற்றியே தீர வேண்டும் என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி தூண்டப்படும், சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். வலி குறைவதும் எக்ஸ்ரே தெளிவதும்தான் நம் அளவுகோல். சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர் பரிசோதனையும், அவ்வப்போது சிறுநீரக ஸ்கேனும் அவசியம்.

இரண்டாவது குழந்தையைப் பற்றி அஞ்ச வேண்டாம். கருத்தரித்த பிறகு கருவின் சில செல்களில் மட்டும் ஏற்படும் மரபணு மாற்றம் இது, பெற்றோரிடமிருந்து வருவதில்லை.

பழுப்புத் திட்டும் இருப்பதால், மகளைக் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள். முன்கூட்டியே பூப்பெய்தல், தைராய்டு மிகைச் சுரப்பு இரண்டும் இந்த நோயோடு சேர்ந்து வரலாம். திடீரென நொண்டினாலோ காலை ஊன்ற மறுத்தாலோ எலும்பு முறிந்திருக்கக்கூடும். அன்றே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.