குதிரைப் பந்தயத்தில் ஒரு ஜாக்கி இன்னொருவரை முந்தும்போது விதி, மரியாதை ஏதாவது உண்டா? இல்லை, கிடைத்த சந்தில் புகுந்துவிட வேண்டியதுதானா?

உண்டு. ஆனால் எழுதி வைத்த விதி பாதி, வாய்மொழியாக வருவது பாதி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் ஜாக்கி இல்லை. பெங்களூரு ரேஸ் கோர்ஸில் நான்கு வருடம் காலைப் பயிற்சிக்குக் குதிரை ஏறிய ரைடிங் பாய். ஸ்ரீராமபுரத்திலிருந்து விடியற்காலை நாலரைக்குச் சைக்கிளில் கிளம்புவேன். எடை ஏறிப்போனதால் ஜாக்கி ஆசை அப்படியே நின்றுவிட்டது. பந்தயத்தில் யாரையும் முந்தியதில்லை. காலை ஓட்டத்தில் ஒருமுறை தப்பாக முந்தி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெங்களூருவில் குதிரைகள் கடிகார முள் சுற்றும் திசையில் ஓடும். அதனால் ரெயில், அதாவது ஓடுபாதையின் உள்விளிம்பில் இருக்கும் கம்பி வேலி, எப்போதும் வலது கைப்பக்கம். அன்று எனக்கு முன்னால் ஒரு சீனியர் அண்ணன், ரெயிலிலிருந்து கொஞ்சம் விலகியே போய்க்கொண்டிருந்தார். என் குதிரையோ பிடித்துவைத்த கையைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. சந்து தெரிகிறதே என்று உள்ளே விட்டேன். குரல் கொடுக்கவில்லை. வளைவு வந்ததும் அவர் குதிரை தன் போக்கில் ரெயில் பக்கம் சாய, என் வலது பூட்ஸ் ரெயிலில் சர்ரென்று உரசிக்கொண்டே வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். சட்டென்று குதிரையை வெளியே இழுத்து எனக்கு வழி விட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், அப்போது ஒன்றும் சொல்லவில்லை. குதிரைகளை நடக்கவிட்டு வியர்வை ஆற்றும்போது பக்கத்தில் வந்து, "தம்பி, உள்ள வர்றதுன்னா சத்தம் குடுத்துட்டு வா. எனக்கு முதுகுல கண்ணு கிடையாது" என்றார். அவ்வளவுதான். பூட்ஸில் அந்தக் கீறல் கடைசிவரை போகவில்லை.

எல்லோரும் ஏன் அந்த உள்பக்கத்துக்கு அலைகிறார்கள்? கணக்குதான். அரைவட்ட வளைவில் ரெயிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடும் குதிரை சுமார் 3.14 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம், ஏறக்குறைய 2.4 மீட்டர். பக்கத்தில் ஒரு குதிரையை வைத்துக்கொண்டு வளைவு சுற்றினாலே ஒரு லெங்த்துக்கு மேல் போச்சு. ஷார்ட் ஹெட்டில், அதாவது ஒரு குதிரைத் தலையின் நீளம்கூட இல்லாத இடைவெளியில், தோற்கிற விளையாட்டில் இது பெரிய தொகை. ஆனால் மழைக்காலத்தில் உள்பக்கப் புல் மிதிபட்டுச் சகதியாகிவிட்டால், கணக்குத் தெரிந்த ஜாக்கியே வேண்டுமென்று வெளியே வந்து ஓட்டுவார்.

சரி, மரியாதை விஷயத்துக்கு வருகிறேன். முன்னால் போகிறவர் உங்களுக்கு வழி விட வேண்டிய கடமை கிடையாது. ரெயிலை ஒட்டி ஓட்டிச் சந்தே இல்லாமல் செய்வது அவர் உரிமை. நீங்கள் கேட்கலாம், கத்தலாம், அவர் கொடுக்காமல் போகலாம். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் குதிரை நிஜமாகவே உள்ளே நுழைந்து அவர் குதிரைக்குப் பக்கவாட்டில் வந்துவிட்டால், அதன்பின் அவர் அந்தச் சந்தை மூடக் கூடாது. மூடினால் அது குற்றம். சண்டை எல்லாம் 'நுழைந்துவிட்டேன்' என்பது எதுவரை என்பதில்தான். சில்க் போர்டு சந்திப்பில் பைக்காரர் முன்சக்கரத்தை நீட்டிவிட்டு ரோடே தனது என்பார் அல்லவா? டிராக்கில் மூக்கை மட்டும் நீட்டிவிட்டு அப்படிப் பேச முடியாது. என் கணிப்பில், இப்படி மாட்டிக்கொள்கிறவர்களில் பாதிப்பேர் இல்லாத சந்தில் நுழைந்தவர்கள்தான்.

வெளிப்பக்கமாக முந்துவது பார்க்கச் சுலபம். முந்திய பிறகு உள்ளே இறங்குவதில்தான் ஆபத்து. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது: இரண்டு லெங்த் முன்னால் போன பிறகு இறங்கு. அவசரப்பட்டு இறங்கினால் பின்னால் வரும் குதிரையின் முன்காலில் உன் குதிரையின் பின்காலும் குதிகாலும் படும். அப்போது விழுவது நீ இல்லை, பின்னால் வருகிறவன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குப்புற விழுகிறவன் மேல் அடுத்தடுத்த குதிரைகள் வரும். ஜாக்கிகள் நிஜமாகப் பயப்படுவது இதற்குத்தான்.

அடுத்தது சாட்டை. குதிரை அடி விழும் பக்கத்திலிருந்து விலகும். இங்கே இடது கையில் சாட்டையை வைத்து அடித்தால், களைத்த குதிரை வலது பக்கம், அதாவது ரெயிலில் ஓடிக்கொண்டிருப்பவன் மேல் சாயும். நல்ல ஜாக்கி அடியை நிறுத்திக் குதிரையை நேராக்கிவிட்டு மறுபடி ஓட்டுவார். ஸ்டூவர்டுகள், அதாவது பந்தய நடுவர்கள், நேர் எதிரே எடுத்த வீடியோவில் பார்ப்பதும் இதைத்தான்: குதிரை சாய்ந்தபோது இவர் கை என்ன செய்தது?

ஃபேவரிட்டை, அதாவது ஜெயிக்கும் என்று அதிகம் பேர் நம்பும் குதிரையை, சுற்றிப் பெட்டிபோல் அடைத்து வைப்பது? அவரவர் தன் குதிரைக்காகத் தன் கோட்டில் ஓட்டி, அதனால் அது மாட்டிக்கொண்டால் தப்பில்லை. இன்னொரு குதிரை ஜெயிக்கட்டும் என்று வேண்டுமென்றே அடைத்தால் அது விதிமீறல். ஒவ்வொரு குதிரையும் அதன் முழுத் திறமைக்கு ஓட வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி.

குரல் கொடுப்பது எந்த மொழியில் என்று கேட்பீர்கள். இந்தி, கன்னடம், தமிழ் எல்லாம் கலந்து வரும். நெருக்கத்தில் வெறும் "ஏய்! ஏய்!"தான். எல்லோருக்கும் புரியும்.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பது ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவின் 2019 கென்டக்கி டெர்பி பந்தயத்தில் மேக்ஸிமம் செக்யூரிட்டி என்ற குதிரை முதலில் வந்தது. வளைவில் வெளியே சாய்ந்து மற்ற குதிரைகளைத் தடுத்ததாக விசாரணை சுமார் 22 நிமிடம் நடந்தது. கடைசியில் அதை 17-வது இடத்துக்கு இறக்கி, கன்ட்ரி ஹவுஸை ஜெயித்ததாக அறிவித்தார்கள். பிரிட்டனில் கேள்வி வேறு: தடை இல்லாதிருந்தால் பாதிக்கப்பட்ட குதிரை தடுத்த குதிரையைத் தாண்டி வந்திருக்குமா? இல்லையென்றால் முடிவு நிற்கும், ஜாக்கிக்குத் தனியாகத் தண்டனை. 2018-ல் பிரான்ஸும் இந்த முறைக்கு மாறியது. எனக்கும் இதுதான் நியாயமாகப் படுகிறது, பந்தயம் கட்டியவன் எதற்குத் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

என் மாமா ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் குதிரை இரண்டாவதாக வந்ததும் டிக்கெட்டை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டார். ஐந்து நிமிடத்தில் மைக்கில் என்கொயரி என்றார்கள், முதல் குதிரையைக் கீழே இறக்கினார்கள். கேலரியில் குனிந்து, ஆயிரம் கிழிந்த டிக்கெட்டுகளுக்கு நடுவே மனிதர் தேடிக்கொண்டிருந்தார். மூன்று துண்டு கிடைத்தது.