யாருக்குத் துணை?

கேள்வி: 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' படத்தில் அம்மாவாக வரும் துணை நடிகை சாரா ஆல்குட்டைப் பற்றிச் சொல்லுங்களேன்?

பதில்: துணை நடிகையா? உங்களைக் குறை சொல்லவில்லை, ஆஸ்கர்காரர்கள் குத்திய முத்திரை அது. 1941-ம் வருடப் படங்களுக்கான துணை நடிகை விருதுக்கு அவர் பெயர் போனது, கிடைக்கவில்லை. அதே படத்தில் அப்பாவாக வந்த டொனால்ட் கிரிஸ்ப் துணை நடிகர் விருதோடு போனார். எனக்கு இன்னும் ஆறவில்லை. சுரங்கத் தொழிலாளர்கள் பனி கொட்டும் இரவில் கூட்டம் போடுகிறார்கள். கடைசிப் பையனைக் கூட்டிக்கொண்டு மலையேறி வரும் அந்த அம்மா, தன் புருஷனுக்கு ஏதாவது நேர்ந்தால் செய்தவனைத் தன் கையாலேயே கொல்வதாக அத்தனை ஆண்கள் முன்னால் சொல்கிறாள். அந்த ஒரு காட்சிக்கே விருதைக் கொடுத்திருக்க வேண்டும்.

சாரா டப்ளின்காரர். அங்கே அபே தியேட்டர் என்ற நாடக அரங்கம் 1904 டிசம்பர் 27-ல் திறந்த அன்றே அதன் மேடையில் நடித்தவர். 1907-ல் ஐரிஷ் நாடகாசிரியர் ஜே.எம். சிங்கின் (Synge) நாடகத்துக்கு அரங்கமே ரகளை செய்தபோதும் தங்கையோடு சேர்ந்து நடித்தவர். 1918-ல் பிறந்த பெண் குழந்தை தங்கவில்லை. அதே வருடம் ஃப்ளூ காய்ச்சல் கணவரையும் கொண்டுபோனது. 1924-ல் இன்னொரு ஐரிஷ் நாடகாசிரியரான ஷான் ஓ'கேசியின் 'ஜூனோ அண்ட் தி பேகாக்' நாடகத்தில், மகனைப் பறிகொடுத்த தாயாக நின்றார்.

அதை ஹிட்ச்காக் 1930-ல் அவரையே வைத்துப் படமாக்கினார். 'வெறும் படம்பிடித்த நாடகம்' என்று விமர்சகர்கள் ஒதுக்குகிறார்கள். இவர்களோடு எனக்கு ரொம்ப நாள் சண்டை. நடிகை பேசும்போது காமிரா சும்மா நின்றால் என்ன குடி முழுகிவிட்டது? அந்தக் காலத்து மேடை நடிப்பெல்லாம் அன்றன்றைக்கே காற்றோடு போனது. மகனுக்காக அவர் வேண்டும் அந்தக் குரல் நமக்குக் கிடைத்ததே இந்தப் படத்தால்தான். ஹிட்ச்காக்கே பின்னாளில் இதற்காக வெட்கப்பட்டார். படட்டும், எனக்கு இது பொக்கிஷம்.

அப்புறம் ஹாலிவுட். 1945-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார். கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் நர்ஸ், வேலைக்காரி மாதிரிச் சின்ன வேஷங்கள். 1950-ல் வந்த 'சீப்பர் பை தி டஜன்' படத்திலும் வீட்டு வேலைக்காரிதான். அந்த செப்டம்பரிலேயே காலமானார். அயர்லாந்தின் தலைசிறந்த மேடை நடிகையிடம் தட்டைக் கொடுத்து நிற்கவைத்தவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

'ஜூனோ' கிடைத்தால் பாருங்கள். ஒலி சுமார்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.